சொட்டு மேடம்

ஜூலை 1, திங்கள்

தைலம் தேய்க்க வந்துகொண்டிருந்த ஆளை இன்று நிறுத்திவிட்டேன். தாலி கட்டிய நாளிலிருந்து நானே பேர் சொல்லாமல் 'மாமா' என்று கூப்பிடுகிற மனுஷனை அவன் 'பெருசு' என்கிறான். அதுகூடப் போகட்டும். மாமா கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, அவரைத் தாண்டி என்னிடம், "பெருசு நல்லாத் தூங்குச்சுங்களா? கஞ்சி குடிச்சுதுங்களா?" என்று கேட்கிறான். பக்கவாதம் வந்தது வலது கைக்கும் காலுக்கும் நாக்குக்கும். காதுக்கு வரவில்லை. மயூரா பஸ் கண்டக்டர் நாச்சிமுத்துவின் முன்னால் நின்று இப்படிப் பேச, போன பங்குனியில் எவனுக்காவது தைரியம் வந்திருக்குமா?

நாளையிலிருந்து நானே தேய்க்கப்போகிறேன். எதிர்வீட்டு ருக்குமணியக்கா முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். நான் மில்லுக்குப் போனபின் மாமாவுக்கு அவர்தான் துணை. "குளிச்சு முடிச்சதும் எண்ணயத் தேச்சு அப்பிடியே ஊற விட்ரோணும் கோகிலா. தேச்ச கையை ஒடனே சோப்புப் போட்டுக் கழுவிராத, பலன் போயிரும்" என்றார். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் இதையெல்லாம் நம்புவேனா?

ஜூலை 2, செவ்வாய்

நம்பவில்லை. ஆனால் கழுவவும் இல்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு மில் பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஜூலை 3, புதன்

ஆஸ்பத்திரி ஆர்டர் ஓடத் தொடங்கிவிட்டது. எல்லாம் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் துண்டுகள். கரூரில் எத்தனையோ மில் துண்டு நெய்கிறது. ஆனால் எங்கள் துண்டு தண்ணீர் குடிக்கும் என்று வாங்குகிறவர்கள் மத்தியில் பேர் இருக்கிறது. அந்தப் பேர் சும்மா வரவில்லை. நான் சொட்டு வைத்துப் பார்க்காமல் ஒரு லாட்கூட பேக்கிங்குக்குப் போகாது.

பார்ப்பதற்கு இது ஒன்றுமில்லாத வேலை. துண்டை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கி, மேலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சொட்டின் முதுகில் ட்யூப்லைட் மினுங்கும். துணி குடித்ததும் மினுக்கம் அணைந்துவிடும். சட்டென்று அணைந்தால் பாஸ். மினுங்கிக்கொண்டே இருந்தால் லாட்டைத் திருப்பி அனுப்புவேன். இதை எந்த லேபிலும் செய்வார்கள். ஆனால் சொட்டு விடுவதற்கு முன்னால் உள்ளங்கையால் அழுத்தி நீவிப் பார்ப்பது என்னுடைய கைப்பழக்கம். கைக்குத் தெரியாத துணி கண்ணுக்குத் தெரியாது என்பது என் கட்சி. மில்லில் எனக்குச் 'சொட்டு மேடம்' என்று பட்டப்பேர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

இரவு ஷிப்டில் வந்த துண்டுகளைக் காலையில் சோதித்தேன். சொட்டு துணியின் மேல் கோலிக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. ஃபெயில். இரவு ஷிப்டுக்குப் பொறுப்பு பிராசசிங் மாஸ்டர் வையாபுரி. துணி மெத்தென்று இருக்கக் கடைசியில் சாஃப்ட்னர் ஊற்றுவார்கள். அது கூடிப்போனால் துணி தண்ணீரைத் தொடவே தொடாது. தூக்கக் கலக்கத்தில் கூடக்குறைய ஊற்றியிருப்பார். மாலையில் பகல் ஷிப்டுத் துண்டுகளைப் பார்த்தேன். சொட்டு விழுந்த மாத்திரத்தில் மறைந்தது. பாஸ்.

மதியம் கருவாட்டுக் குழம்பு. கை மணந்ததால் இரண்டு தடவை சோப்புப் போட்டேன்.

காலையில் தைலம் தேய்த்தபின் மாமாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் ஆடி, பாதித் தண்ணீர் அவர் வலது கையில் கொட்டிவிட்டது. தைலத்தின் மேல் முத்து முத்தாக நின்றது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

ஜூலை 5, வெள்ளி

வெள்ளிக்கிழமை விரதம். மதியம் சாப்பிடவில்லை, ஒரு டம்ளர் மோர் மட்டும். அந்தக் கோபமோ என்னவோ, வையாபுரி மாஸ்டரிடம் குரலை உயர்த்திவிட்டேன். காலை லாட் மறுபடியும் ஃபெயில். ஷிப்ட் முடிந்தும் மாஸ்டர் வீட்டுக்குப் போகாமல் லேப் வாசலில் வந்து நின்றார்.

"மேடம்ங்க, சாஃப்ட்னரை நானே அளந்துதான் ஊத்துறேனுங்க. ஒரு சொட்டு கூடப் போகலைங்க."

"அப்ப என் சொட்டு பொய் சொல்லுதுங்களா மாஸ்டர்?"

"அப்பிடிச் சொல்லுவனுங்களா? பட்டை டெஸ்ட் ஒண்ணு போட்டுப் பாருங்க."

போட்டேன். துண்டிலிருந்து நீளமாக ஒரு பட்டை வெட்டி, மேல்பாதியை நன்றாக நீவி, மேல்முனையைக் கிளிப்பில் மாட்டி, கீழ்முனையைச் சாயத் தண்ணீரில் தொட வைத்தேன். நூலுக்கும் நூலுக்கும் நடுவில் இருக்கிற சந்துகளில் தண்ணீர் தானாகவே மேலே ஏறும். பம்பு வேண்டாம், மோட்டார் வேண்டாம். கல்லூரியில் இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பேர் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

"கீழ இருந்து ஜம்முனு ஏறுதேங்க!" என்றார் மாஸ்டர், முகமெல்லாம் மலர்ந்து. "குடிக்காத துணியில எப்பிடிங்க ஏறும்?"

"பொறுங்க."

நான் நீவிய இடத்துக்கு வந்ததும் சாயம் நின்றுவிட்டது. அதற்குமேல் நகரவில்லை. மாஸ்டர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் ஜெயிக்க முடியுமா?

ஆனால் மாலையில் பகல் ஷிப்டுத் துண்டும் ஃபெயில். இரவு ஷிப்டின் வியாதி பகலுக்கும் தொற்றிவிட்டது.

ஜூலை 6, சனி

இன்றைக்குப் பெரிய விஷயம். மாமா பேசினார்!

ஃபெயிலான துண்டு ஒன்றையும் சொட்டு விடும் ரப்பர் குழாயையும் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். ரப்பரை அழுத்தினால் வலது கை விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கும் என்று எண்ணம். விரல் மடங்குகிறது, அழுத்தத்தான் வலு இல்லை. சரி என்று நானே ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். துண்டின் மேல் முத்தாக நின்றது. எங்கள் கஷ்டத்தைச் சொன்னேன்.

"தண்ணிக்குத் தன்னோட ஆளுகளை விட்டுப் பிரிய மனசே வராதுங் மாமா. ஒண்ணையொண்ணு இழுத்துப் புடிச்சுக்கிட்டு உருண்டையா நிக்கும். அதுக்குத்தான் பரப்பு இழுவிசைன்னு பேரு. ஆனா சுத்தமான பஞ்சு நூலைக் கண்டா அதுமேலயும் ஆசை வந்துரும், ஒட்டிக்கிட்டு உள்ள போயிரும். நூலு மேல வேற ஏதாச்சும் பூசியிருந்தா ஒட்டாது. இந்தாங்க, இப்பிடியே நிக்கும்."

அவர் சொட்டைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். வாயைக் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, "என்ன" என்றார்.

இவ்வளவு மாசத்தில் ஆவும் ஊவும் தவிர முதல் வார்த்தை! அதுவும் பொருத்தமான வார்த்தை. "என்ன பூசியிருக்குதுன்னுதானே கேக்கறீங்க? சாஃப்ட்னருங் மாமா!" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ருக்குமணியக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கல்யாணமானதிலிருந்து என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்காதவர், பேச்சு வந்ததும் முதலில் அதைத்தான் கேட்கிறார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மில்லில் யாருக்கும் அவர் இப்படி இருப்பது தெரியாது. சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நல்லாகிவிடப் போகிறவரைப் பற்றி ஊரெல்லாம் அனுதாபம் வாங்கி வைப்பானேன்?

ஜூலை 9, செவ்வாய்

தினமும் கேட்கிறார். காலையில் தைலம் தேய்க்க உட்கார்ந்ததும் "என்ன", தேய்த்து முடித்ததும் "என்ன". நானும் சலிக்காமல் பதில் சொல்கிறேன். சாஃப்ட்னர் என்றால் என்ன, அது நூலைச் சுற்றி எப்படிப் படிகிறது, எல்லாம் சொல்லியாகிவிட்டது. இன்றைக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடது கையால் ரப்பர் குழாயை எடுத்துச் சுவரில் வீசினார். நோயாளிக்குக் கோபம் வருவது நல்ல அறிகுறி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பொறுத்துக்கொண்டேன். என் பொறுமையைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

குழாய் உடையவில்லை.

ஜூலை 10, புதன்

காலை லாட்டில் சொட்டு நின்றது. மாலை லாட் குடித்தது. கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

முதலாளி குழந்தைவேல் கூப்பிட்டு அனுப்பினார். நிறுத்திவைத்த துண்டு மூட்டைகள் குடோன் கூரையைத் தொடுகின்றன. கப்பலுக்கு நாள் நெருங்குகிறது.

"மேடம், நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். திங்கக்கெழமை எல்லாரையும் வெச்சுப் பேசிருவோம். வையாபுரிக்கு வயசாயிருச்சு. கணக்கை முடிச்சு அனுப்பிரலாம்னு இருக்கேன். உங்க ரிப்போர்ட்டைக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்துருங்க."

சரி என்றேன். 'நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்' என்று முதலாளி வாயால் கேட்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? ஆனாலும் வெளியே வரும்போது மாஸ்டர் எதிரே வந்தார். அவருக்குச் சேதி தெரிந்துவிட்டது. "வணக்கம்ங்க மேடம்" என்றார். எப்போதும் சொல்கிற மாதிரியேதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்றும் விரதம். இன்றும் காலை மாலை இரண்டு லாட்டும் ஃபெயில். வெள்ளிக்கிழமைக்கும் துணிக்கும் என்ன பகையோ.

ஜூலை 14, ஞாயிறு

மில் லீவு. ரிப்போர்ட் எழுதி முடித்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறேன். என்னமோ இன்றைக்கு எழுத்து ஓடவில்லை.

மாமா இன்று தைலம் தேய்க்க விடவில்லை. கையை உருவிக்கொண்டார். நான் பிடிக்க, அவர் உருவ, கிண்ணம் கவிழ்ந்து பாயெல்லாம் தைலம். "நான் தேச்சா உங்களுக்குப் புடிக்கலீங்களா?" என்று கத்திவிட்டேன். நான் நிறுத்திவிட்ட அந்த ஆள் தேய்த்தபோது ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை. என் மனசு உடைந்துபோயிற்று. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "என்ன, என்ன" என்றார், கெஞ்சுகிற மாதிரி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

அப்புறம் மனசு கேட்காமல் தேய்த்துவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

எண்ணெய்! எண்ணெய்! அவர் சொன்னது எண்ணெய்! பஸ் ஹாரன் அடிக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

நேற்று வேறு எதுவும் எழுத முடியவில்லை. இன்று முதலிலிருந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் தைலம் தேய்த்து முடித்து எழுந்தேன். ரிப்போர்ட் பையில் இருந்தது. கையெழுத்தை மில்லில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மாமா இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். நான் மில்லிலிருந்து கொண்டுவந்த துண்டு அவர் மடியில் விரிந்து கிடந்தது. என் வலது கையைப் பிடித்தார். உள்ளங்கையைத் துண்டின் ஒரு ஓரத்தில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினார். நான் லேபில் நீவுகிற மாதிரியே நீவினார். வீட்டில் காய்ந்த துணியை மடிக்கும்போதும் நான் அப்படித்தான் நீவுவேன். பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறார்.

அப்புறம் ரப்பர் குழாயை எடுத்து வலது கை விரல்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். விரல்கள் நடுங்கின. முகம் சிவந்துவிட்டது. "நான் அழுத்தட்டுங்களா" என்று கை நீட்டினேன். தோளால் என்னைத் தள்ளினார். அழுத்தினார். ஒரு சொட்டு விழுந்தது. நான் நீவிய இடத்தில் முத்தாக நின்றது. குழாயை அந்தண்டை நகர்த்தி, யார் கையும் படாத இடத்தில் மறுபடியும் அழுத்தினார். விழுந்த சொட்டைக் காணோம். துணி குடித்துவிட்டது.

"என்ன" என்றார்.

'ண' சொல்ல மடிய வேண்டிய நாக்கு மடியவில்லை. அவ்வளவுதான். பத்து நாளாக இந்த மனுஷன் 'எண்ண, எண்ண' என்று அடித்துக்கொண்டிருக்கிறார், நான் அவருக்குக் கெமிஸ்ட்ரி நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். "எண்ணெய்ங்களா மாமா?" என்றேன். தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பரமத்தி, தென்னிலை, வெள்ளக்கோயில் எல்லாம் ஆள் ஏற்றி இறக்கிக் காங்கேயத்தில் பஸ் நின்றதும் கண்டக்டர் சீட்டில் சாய்வாரே, அப்படி.

பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை. காலையில் ஃபெயில், மதியம் சோப்புப் போட்டுச் சாப்பாட்டுக் கையைக் கழுவினால் மாலையில் பாஸ். வெள்ளிக்கிழமை சாப்பாடு இல்லை, சோப்பும் இல்லை, இரண்டும் ஃபெயில். ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். பலன் போய்விடும் என்று பயந்து கையைக் கழுவாமல் போன பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்குத் தெரியவில்லை.

சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. கையை நன்றாகக் கழுவிவிட்டு, 'மறுபடி பார்த்தேன், இப்போது பாஸ்' என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? மாஸ்டர் வேலையும் தப்பிக்கும், என் பேரும் தப்பிக்கும். ஆனால் அப்புறம் மாஸ்டர் சாகிறவரைக்கும் தன் கையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். சொட்டு மேடம் என்று பேர் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

முதலாளி அறையில் எல்லாரும் இருந்தார்கள். மாஸ்டர் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார். போகும்போது மரியாதையாகப் போக வேண்டும் என்று நினைத்திருப்பார். ரிப்போர்ட்டை நான் பையிலிருந்து எடுக்கவில்லை. அவர் ஷிப்டுத் துண்டு ஒன்றை ஓரத்தில் மட்டும் பிடித்துக் கத்தரியால் இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியை இடுக்கியால் பிடித்து மேஜையில் போட்டேன். மறு பாதியை என் பழக்கப்படி நீவினேன். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன்.

என் பாதியில் சொட்டு மினுங்கிக்கொண்டே இருந்தது. மற்றதில் சொட்டு விழுந்த தடம் மட்டும் தெரிந்தது.

"சாஃப்ட்னர் இல்லீங்க. என் கை. தைலம் தேச்ச கையோட டெஸ்ட் பண்ணியிருக்கேன். சரக்கு அத்தனையும் நல்ல சரக்குங்க" என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன், அது எனக்கே ஆச்சரியம். "மாஸ்டர், உங்களை எல்லார் முன்னாலயும் குத்தம் சொன்னேன். எல்லார் முன்னாலயும் கேக்கறேன், மன்னிச்சிருங்க."

முதலாளி என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க டெஸ்ட்ல தப்புன்னு உங்ககிட்டச் சொன்னது யாருங்க?" என்றார்.

"எங்க வீட்டுக்காரருங்க."

இதைச் சொன்னபோது என் தலை தானாக நிமிர்ந்தது. வெளியாள் யாராலும் என் வேலையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். அதுவும் அசையாத கையை அசைத்து, வராத வார்த்தையை வரவழைத்துக் கண்டுபிடித்தார். இந்த ஊரில் எவளுக்காவது இப்படி ஒரு புருஷன் உண்டா?

வெளியே வந்ததும் மாஸ்டர் பின்னாலேயே வந்தார். "ராத்திரியெல்லாம் ரெண்டு ரெண்டு தடவை அளந்தேனுங்க மேடம். எனக்கே எம்மேல நம்பிக்கை போயிருச்சுங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தைலம் யாருக்குங்க? வீட்டுல யாருக்காச்சும் ஒடம்பு முடியலீங்களா?" என்று கேட்டார்.

சொன்னேன். முதல் தடவையாக மில்லில் ஒருவரிடம் சொன்னேன். பக்கவாதம் என்ற வார்த்தையை வெளியில் சொன்னதே அப்போதுதான்.

"மயூரா பஸ் நாச்சிமுத்துங்களா!" என்றார் மாஸ்டர். "அடடா, அவர் குரலுக்குத் தூங்கறவன் எந்திரிச்சு எறங்கிப் போயிருவானுங்களே! எத்தனை நாளு அந்தப் பஸ்ல வேலைக்கு வந்திருக்கேன். சொல்லவேயில்லீங்களே மேடம்."

அதன்பின் சோப்புப் போட்டு, சுடுதண்ணீரில் கழுவி, நிறுத்திவைத்த லாட்டுகளையெல்லாம் இடுக்கியால் எடுத்துச் சோதித்தேன். எல்லாம் குடித்தது. மூட்டைகள் லாரிக்குப் போயின. இனி என் லேபில் துணியை யாரும் கையால் தொடக் கூடாது. முதலில் நான் தொடக் கூடாது. கைக்குத் தெரியாத துணி கண்ணுக்குத் தெரியும், நன்றாகவே தெரியும்.

தைலத்தை இனி மாலையில் தேய்ப்பது என்று முடிவு. வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா என்னைப் பார்த்து, "என்ன" என்றார். நான் இப்போது விஷயம் தெரிந்தவள். "இதோ எடுத்தாரனுங் மாமா, முகம் கழுவக்கூட விட மாட்டீங்களா?" என்று எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தேன். அவர் பாட்டிலை இடது கையால் வாங்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன..." என்றார் மறுபடியும். மூச்சு வாங்கினார். "ஆச்சு?"

என்ன ஆச்சு! இரண்டு வார்த்தை. சேர்ந்த மாதிரி இரண்டு வார்த்தை!

பாட்டிலை மூடிவிட்டு, பஸ் ஏறியதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். வெட்டிய துண்டு, மினுங்கிய சொட்டு, முதலாளி கேட்டது, நான் சொன்னது எல்லாம் சொன்னேன். குரலைப் பற்றி வையாபுரி சொன்னதை மட்டும் இரண்டு தடவை சொல்ல வைத்தார். இரண்டாம் தடவை சொல்லும்போது அவருடைய வலது கை மடியிலிருந்து மெல்ல மேலே ஏறியது. மீசையை முறுக்கத்தான். நெஞ்சைத் தாண்டி, தாடை வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

நாளைக்கு மீசைக்கு ஏறும். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.